ஊரடங்கில் ஒரு கிண்ணம் குருமா

2020 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். ஊரடங்கு மே 3 வரை நீடிக்கும் என்று காலையில் பிரதமர் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். வருஷப் பிறப்புக்கு மதுரையில் அக்கா வீட்டில் இருப்பது என் வழக்கம். அந்த வருஷம் சென்னையில் மாட்டிக்கொண்டு, மாங்காய்ப் பச்சடியையும் வேப்பம்பூ ரசத்தையும் வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தேன். "சாப்பிட்டுட்டுக் கூப்பிடறேண்டா" என்று அக்கா வைத்தாள். இரண்டு மணி வாக்கில் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"தம்பி, இவனுக்கு உதடு வீங்குதுடா. முகத்தைப் பாரேன்."

திரையில் அவள் மகன். நாலு வயது. மேலுதடு தடித்திருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. "வாய் நமநமங்குது மாமா" என்றான்.

அவனுக்கு முந்திரி ஆகாது. இரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் முந்திரி கேக் ஒரு துண்டு தின்று உடம்பெல்லாம் தடித்தபோதே தெரிந்துபோயிற்று. அன்று பார்த்த மருத்துவர், "முந்திரியைக் கண்ணிலேயே காட்டாதீங்க" என்று சொல்லி, அரிப்புக்கு செட்ரிசின் சிரப் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பாயசத்தில் வெறும் திராட்சைதான். ஆனால் அன்றைக்குக் கீழ் வீட்டு அம்மா, பண்டிகை நாளில் பிள்ளைகள் ஏங்கிவிடக் கூடாதே என்று சப்பாத்தியும் ஒரு கிண்ணம் குருமாவும் கொடுத்துவிட்டிருந்தார். கடைகள் மதியத்தோடு மூடிய காலம். இருப்பதைப் பகிர்ந்து உண்ட காலம். குருமாவில் முந்திரி எங்கேயும் தென்படவில்லை. தேங்காயோடு சேர்த்து அரைத்து ஊற்றியிருந்தார்கள்.

அக்கா சிரப்பைக் கொடுத்தாள். பிள்ளை வாந்தி எடுத்தான். "எடுத்தது நல்லதுதான், சரியாயிரும்" என்றார் மாமா, அக்காவின் கணவர். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனாவை வாங்கிட்டு வரணும். பத்து நிமிஷம் பாப்போம்."

நானும் சரி என்றேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு சொல்தான்.

பத்து நிமிஷத்தில் அவன் குரல் கம்மியது. நாய் குரைப்பதுபோல ஒரு இருமல். பிறகு, அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு அக்கா தோளில் துவண்டான். அப்போதுதான் மாமா வண்டிச் சாவியை எடுத்தார். முதலில் போன மருத்துவமனையில் கொரோனா பயத்தில் வெளிநோயாளிகளையே பார்ப்பதில்லை என்று கதவோடு அனுப்பிவிட்டார்கள். பாலத்தருகே தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் தடுப்பை நகர்த்தினார். இரண்டாவது மருத்துவமனையில் ஒரு செவிலியர் பிள்ளையை மேசையில் படுக்க வைத்து, கால்சட்டையைக்கூடக் கழற்றாமல், தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு ஊசி போட்டார். ஐந்து நிமிஷத்தில் அவன் மூச்சு சீரானது. "அம்மா, தண்ணி" என்றான்.

குருமா வாயில் பட்டதிலிருந்து ஊசி ஏறும் வரை ஐம்பத்தைந்து நிமிடம்.

உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களைப் பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். ஒவ்வாத உணவு உள்ளே போனதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும் வரை எவ்வளவு நேரம் என்று அவர் பார்த்தார். இடைநிலை அளவு 30 நிமிடம். அப்படிப்பட்ட மரணம் மிக மிக அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளை அந்த அரிதான பக்கம் சாயாமல் தப்பினான், அவ்வளவுதான். நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

உடம்புக்குள் நடப்பது

1901-ல் மொனாக்கோ இளவரசரின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். கரை திரும்பிய பின்னும் நாய்களிடம் சோதனை தொடர்ந்தது. சிறிய அளவு நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய்க்குச் சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவைக் கொடுத்தார்கள். பழகியிருக்கும் என்று எதிர்பார்த்த நாய் நிமிடங்களில் இறந்தது. காக்க வேண்டிய உடம்பே தன்னைக் கவிழ்த்துக்கொள்ளும் இந்த நிலைக்கு 1902-ல் அவர்கள் வைத்த பெயர்தான் அனாஃபிலாக்சிஸ். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் கிடைத்தது.

இதன் உள் வேலையை அறிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. முந்திரியின் புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்துக்கொண்ட உடம்பு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தப் புரதம் வந்து தொட்டால் செல்கள் வெடித்தாற்போலத் திறந்து ஹிஸ்டமினையும் வேறு பல வேதிப்பொருள்களையும் கொட்டுகின்றன. தோல் தடிக்கிறது, குடல் முறுக்கி வாந்தி வருகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. அக்கா தோளில் பிள்ளை துவண்டதை நாங்கள் முதலில் தூக்கம் என்று நினைத்தோம். இத்தகைய நேரத்துத் துவளல் ரத்த அழுத்தம் விழுவதன் அடையாளமாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

செட்ரிசின் அரிப்பை அடக்கும், தடிப்பைக் குறைக்கும். இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்கவோ விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அதனால் ஆகாது. அந்த வேலைகளை ஒருசேரச் செய்வது அட்ரினலின். அதுவும் தொடைத் தசையில், அதுவும் சீக்கிரம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் "அலர்ஜிக்கு மருந்து இருக்கு" என்று ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்துக் காட்டுவது அந்தச் சிரப் பாட்டிலைத்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

எல்லோரும் வீட்டில் இருந்தபோது

ஊரடங்கு வந்ததும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பள்ளி இல்லை. அடுத்த பிள்ளையின் டிபன் பாக்ஸ் இல்லை. பிறந்தநாள் கேக் இல்லை, கல்யாணப் பந்தி இல்லை. பிள்ளை வாயில் போகும் ஒவ்வொரு கவளமும் நம் கண் முன்னால். இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன?

ஆனால் வீடு என்பது நாம் நினைக்கிற அளவுக்குக் காவலான இடமில்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கனடா ஆய்வில், தவறுதலாகத் தின்றுவிடும் சம்பவங்கள் மற்ற எந்த இடத்தையும்விடக் குழந்தையின் சொந்த வீட்டில்தான் அதிகம் நடந்திருந்தன. பள்ளியில் ஒரு எச்சரிக்கை இருக்கும். வீட்டில் அண்ணன் தின்று வைத்த மிக்சர் தட்டு இருக்கும். ஊரடங்கில் இந்த வீடு இன்னும் நெரிசலானது. அம்மாவும் அப்பாவும் ஒரு மூலையில் அலுவலக வேலை, தாத்தா பாட்டி இன்னொரு மூலை, நாள் முழுக்க யாராவது எதையாவது தின்றுகொண்டிருந்தார்கள். யூடியூப் பார்த்து எல்லோரும் கேக் செய்தார்கள். வழக்கமான பிஸ்கட் கிடைக்காமல் கிடைத்ததை வாங்கினார்கள். நிவாரணப் பொட்டலத்தில் வந்த மாவில் எந்த ஆலையில் எதோடு எது அரைபட்டதோ, யார் பார்த்தார்கள்?

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் சரக்கு வரத்து தடுமாறியபோது, உணவுப் பொருளில் சிறு மாற்றம் செய்தால் உடனே லேபிளை மாற்ற வேண்டியதில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2020 மே மாதத்தில் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஒவ்வாமை தரக்கூடிய பொருளை அப்படி மாற்றக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. இருந்தாலும் வருஷக்கணக்காக லேபிளை நம்பியே பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு, "சிறு மாற்றம்" என்ற சொல்லே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

என்னை அதிகம் உலுக்கியவை வேறு இரண்டு எண்கள். 2020 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரையான நாலு வாரத்தில், அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைந்தார்கள். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளில் இந்தச் சரிவு 72 சதவீதம். தொற்று நோய்களும் விபத்துகளும் குறைந்தது ஒரு காரணம், உண்மை. ஆனால் அதே ஏப்ரலில் பிரிட்டனின் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டபோது, அவசரப் பிரிவுகளில் பணிபுரிந்தவர்களில் 32 சதவீதம் பேர், பிள்ளைகள் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கொண்டுவரப்படுவதைத் தாங்களே கண்டதாகச் சொன்னார்கள். உலகம் முழுக்க அப்பாக்களும் மாமன்களும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: பத்து நிமிஷம் பாப்போம்.

ஒரு விதியை மாற்றிய ஆண்டு

அட்ரினலின் போட்டாயா, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, மருத்துவமனைக்குப் போ. மேலை நாடுகளில் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்த விதி இது. முதல் தாக்குதல் அடங்கிச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம் என்பதால்தான் அந்தக் கட்டாயம்.

2020-ல் அவசரப் பிரிவே ஆபத்தான இடமானது. தாமஸ் கசேல், ஜூலி வாங், அன்னா நோவாக்-வெக்ஷின் என்ற மூன்று அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்கள் துணிந்து ஒரு புது வழிமுறையை வெளியிட்டார்கள். வீட்டிலேயே அட்ரினலினைப் போடுங்கள். பிள்ளை சட்டென்று தெளிந்து, கையில் இன்னொரு டோஸும் இருந்தால், வீட்டிலேயே வைத்துக் கண் இமைக்காமல் கவனிக்கலாம். தெளியாவிட்டாலோ, முன்பு உயிருக்கு ஆபத்தான அளவு தாக்குதல் வந்த பிள்ளையாக இருந்தாலோ தயங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நெருக்கடியில் பிறந்த இந்த யோசனை நெருக்கடியோடு போய்விடவில்லை. அமெரிக்க ஒவ்வாமை நிபுணர்களின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், ஊசிக்குப் பிறகு உடனே முழுமையாகத் தெளிந்து அப்படியே நிலைத்துவிடும் நோயாளி எல்லோரும் கட்டாயம் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது இடம்பெற்றுவிட்டது.

படிக்கும்போது மனசு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. இந்த வழிமுறை முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. வீட்டில் அட்ரினலின் இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு டோஸ் இருக்கிறது, போடவும் தெரியும். நமக்கோ மருத்துவமனைக் கதவைத் தாண்டினால்தான் அட்ரினலின். அந்தக் கதவு சாத்தியிருந்த நாட்களில் நம் பிள்ளைகளுக்கு அந்த மருந்து கிடைக்க வேறு வழியே இருக்கவில்லை.

அமெரிக்காவில் பேனா வடிவில், தொடையில் வைத்து அழுத்தினால் தானே பாயும் ஆட்டோ இன்ஜெக்டர் இருக்கிறது. இரண்டு கொண்ட ஒரு பெட்டியின் பட்டியல் விலை 2016-ல் 600 டாலரைத் தாண்டி அங்கே பெரிய கொந்தளிப்பே நடந்தது. இந்தியாவில் அது சாதாரணமாகக் கடையில் கிடைப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் கொண்ட கண்ணாடி ஆம்பூலாக அது இங்கே சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.01 மில்லிகிராம் என்பது அளவு. பதினைந்து கிலோ பிள்ளைக்கு அந்த ஆம்பூலிலிருந்து 0.15 மில்லி. ஏறத்தாழ மூன்று சொட்டு. அந்த மூன்று சொட்டுக்காகத்தான் மாமா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மதுரையைச் சுற்றினார்.

ஆம்பூலை உடைத்து, சிரிஞ்சில் சரியான அளவு இழுத்து, பதற்றத்தில் கை நடுங்காமல் போடுவது லேசான காரியம் இல்லை. அளவு தவறினால் ஆபத்தும் உண்டு. அதனால்தான் எத்தனையோ மருத்துவர்கள் பெற்றோர் கையில் கொடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சர்க்கரை நோய் உள்ள பிள்ளையின் தாய், படிக்காதவளாக இருந்தாலும், தினம் இன்சுலின் அளந்து போடுகிறாள். அதைச் சொல்லிக் கொடுக்க முடிந்த நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாதா?

"நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது?"

இப்படிக் கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2020-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு ஹாங்காங், சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய இடங்களின் பள்ளிக் குழந்தைகளை ஒப்பிட்டது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டவர்கள் ஹாங்காங்கில் 1.5 சதவீதம், கர்நாடகத்தில் எடுத்த இந்தியக் கணக்கில் 0.14 சதவீதம். அமெரிக்காவில் பெற்றோரிடம் கேட்டு எடுத்த 2018-ஆம் ஆண்டுக் கணக்கு 7.6 சதவீதம். நாம் எவ்வளவோ தேவலை. ஆனால் அந்த 0.14-ஐ ஒரு கோடிக் குழந்தைகளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 14,000 வரும். இந்தப் பதினாலாயிரம் வீடுகளும் "நம்ம ஊர்ல ஏது?" என்ற அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் தனித்து நிற்கின்றன. கீழ் வீட்டு அம்மாவிடம் "முந்திரி போட்டீங்களா?" என்று கேட்க அக்காவுக்குக் கூச்சம். கேட்டால் ரொம்பப் பண்ணுகிறாள் என்பார்கள்.

நமக்கே உரிய வில்லன்களும் உண்டு. பால், முட்டை, வேர்க்கடலை, இறால், மீன் போக, கொண்டைக்கடலை ஒவ்வாமை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்த ஒன்று. கத்தரிக்காய் ஒவ்வாமையை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். பெருந்தொற்று நடந்த அதே 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த லேபிள் விதிகளில், பாக்கெட்டில் தனியே அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது. பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள், சல்ஃபைட். நல்ல விதி. ஆனால் அதில் எள் இல்லை, கொண்டைக்கடலையும் இல்லை. அமெரிக்கா 2021-ல் சட்டம் போட்டு எள்ளைச் சேர்த்துவிட்டது. கடலை மாவும் நல்லெண்ணெயும் இல்லாத சமையலறை இல்லாத நாட்டில் இந்த இரண்டும் பட்டியலுக்கு வர வேண்டும்.

முதல் கவளத்தின் பயம்

ஊரடங்கில் ஆறு மாதத்தைத் தொட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு வேறு கவலை. "முதன்முதலா முட்டை கொடுத்து ஏதாவது ஆயிட்டா எங்கே ஓடுறது? கொரோனா முடியட்டும்." புரிகிற பயம்தான். ஆனால் தள்ளிப்போடுவது காப்பாற்றாது என்று 2015-லேயே நிரூபணமாகியிருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக், 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு அது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகள். பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை தவிர்த்தார்கள். சாப்பிட்டு வளர்ந்தவர்களில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவு. இஸ்ரேலில் வேர்க்கடலை நொறுக்கு ஒன்றைத் தின்றே வளரும் யூதக் குழந்தைகளைவிட, தின்னாமல் வளரும் லண்டன் யூதக் குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை பத்து மடங்கு இருந்ததைக் கண்டுதான் அவருக்கு இந்தக் கேள்வியே பிறந்தது. கரப்பான் அதிகமுள்ள குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கடலையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாவாக, கூழாக.

அயர்லாந்திலிருந்து வந்த சேதி எதிர்பாராதது. 2020 மார்ச் முதல் மே வரை, உலகமே கதவடைத்திருந்தபோது பிறந்த 350-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அங்கே தொடர்ந்து கவனித்தார்கள். வெளி உலகக் கிருமியே படாத பிள்ளைகளுக்கு ஒவ்வாமை கூடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் அவர்கள் குடலில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் செழித்தும், உணவு ஒவ்வாமை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தும் இருந்தன. தாய்ப்பால் நீண்ட காலம் கிடைத்தது, தொற்று குறைந்தது, ஒரு வயதுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் 17 சதவீதம்தான். ஊரடங்குக்கு முன் பிறந்தவர்களில் அது 80 சதவீதம். சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் நம் பழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பிள்ளை இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டான். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன்பே அக்கா வேறொரு மருத்துவரைத் தேடிப் பிடித்தாள். அவர் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்த வைத்து அவளுக்குப் பழக்கினார். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தார். பிள்ளையின் எடை கூடக் கூட அந்தக் கோடு மாறுகிறது. ஒரு சின்ன டப்பாவில் இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு, ஒரு அட்டை. வெயில் படாத இடத்தில் இருக்கிறது. மருந்து பழுப்பேறினால் மாற்றிவிடுகிறாள். அட்டையில் அவள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: உதடு வீக்கத்தோடு வாந்தியோ இருமலோ குரல் கம்மலோ துவளலோ சேர்ந்தால் சிரப் அல்ல, ஊசி. படுக்க வை. மூச்சு முட்டினால் உட்கார வை. நடக்க விடாதே. 108-ஐக் கூப்பிடு.

ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் மழையில் ரோடு அடைபடும் இரவும், மருத்துவமனை இல்லாத மலைக் கிராமமும், கூட்டம் நகராத திருவிழாத் தெருவும் முடிந்துவிடவில்லை. ஒரு உணவால் ஒருமுறையாவது கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தயவுசெய்து கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், எங்க வீட்ல அட்ரினலின் இருக்கணுமா? இவன் எடைக்கு எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க. எப்படிப் போடறதுன்னு என் கையில ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."